சிறார் நீதிமன்ற மேசை வேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சில இங்கே. பாதிக்கு மேல் சட்டத்தைப் பற்றியவை அல்ல. கடிதம், தேதி, போக்குவரத்து பற்றியவை. சிறார் வழக்கு இழுபடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புதிதாகக் குமாஸ்தாவாகச் சேர்ந்திருக்கிறேன். சிறார் ஃபைல்களையும் என்னிடம் தந்துவிட்டார்கள். முதலில் எதைக் கவனிப்பது?

நாட்காட்டியை. சிறார் நீதிமன்றம் வேறு கட்டடத்திலோ வேறு அறையிலோ வேறு நாளிலோ கூட வேண்டும் என்கிறது 2001 சிறார் சட்டம். சின்ன ஊரில் தனிக் கட்டடத்துக்கு எங்கே போவது? நாளைத்தான் பிரிக்க முடியும். பிரித்த நாளில் வேறு வழக்கு ஒன்றைக்கூடச் செருக விடாதீர்கள். "ஒரு சின்ன சம்மன்தான்" என்று கேட்டு வருவார்கள், மறுத்துவிடுங்கள். அதே கட்டடம் என்றால் பிள்ளைகள் வந்துபோகத் தனி வாசல் வேண்டும், எந்தக் கதவு என்று காவலருக்கு முன்னாடியே சொல்லி வையுங்கள்.

அடுத்தது ஆலோசகர்கள். மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு பேர் உட்கார வேண்டும், அதில் ஒருவர் பெண். இருவருக்கும் ஒரு வாரம் முன்பும் முந்தின நாளும் போன் போடுங்கள். ஒருவர் வராமல் போனதால் தள்ளிப்போகும் வழக்கைப்போல எரிச்சல் தருவது வேறில்லை.

ஃபைலின் மேல் பிறந்த தேதியைப் பெரிதாக எழுதுங்கள். வழக்கு நடக்கும்போதே 18 நிறைந்தால் இங்கேயே தொடரும். 18 நிறைந்த பிறகு குற்றம் சாட்டப்பட்டால் வேறு நீதிமன்றம். தேதியைப் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து எழுதுங்கள், யாரும் வாயால் சொன்னதை வைத்து எழுதாதீர்கள்.

நோட்டீஸ் வரவே இல்லை, ஆனால் "பெற்றோர் ஆஜராகவில்லை" என்கிறார்கள். நாங்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறோம்.

இதைக் கேட்காத மாதமில்லை. லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் கட்டாகத் தோட்ட அலுவலகத்தில் இறங்கும். கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, நேரம் கிடைக்கும்போது கொடுப்பார், இல்லையென்றால் சம்பள நாளில் கைக்கு வரும். அதற்குள் தேதி போயிருக்கும்.

அதனால் முதல் நாள் நீதிமன்றத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கவுண்டரில் இரண்டு போன் எண் கொடுங்கள். ஒன்று உங்களுடையது, மற்றது எப்போதும் எடுக்கக்கூடிய ஒருவருடையது, பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ. பழம் வெட்டும் இடத்தில் போன் லைன் கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த தேதியை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஜரானதற்கு முத்திரை வைத்த கடிதமும் கேளுங்கள், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் காட்ட உதவும். பிள்ளையின் வழக்குக்குப் பெற்றோர் வர வேண்டியது சட்டம். தக்க காரணமில்லாமல் வராமல் இருப்பதே ஒரு குற்றம்.

குமாஸ்தாக்களுக்கும் ஒரு வார்த்தை: கடிதத்தைப் பெற்றோர் பெயருக்கே அனுப்புங்கள். பையன் பெயரோடு நீதிமன்ற உறை அலுவலக மேசையில் கிடந்தால் சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

தொண்டு செய்யும் குழுவில் இருக்கிறேன். நன்னடத்தை அறிக்கைக்காகவே வழக்கு தள்ளிப்போகிறது. நாங்கள் ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். பிள்ளையின் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு எல்லாம் அந்த அறிக்கையில் வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் என்ன உத்தரவு போடுவது என்று முடிவாகும். எழுதுபவர் சமூக நல இலாகாவின் நன்னடத்தை அதிகாரி. அவருக்கு இந்த ஒரு பையன் மட்டுமில்லை.

பள்ளிக் கடிதம், கிளினிக் அட்டை, பிறப்புப் பத்திர நகல் மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் குடும்பத்திடம் கொடுத்து வையுங்கள். அதிகாரி வரும் நாளில் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு தோட்டத்து முகப்பில் நில்லுங்கள். வழிகாட்டும் வேஸ் செயலி செம்பனைக்குள் தோட்டத்தின் எந்த டிவிஷனில் கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. ஆனால் என்ன பேச வேண்டும் என்று குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அதிகாரிகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் உண்மையாகச் சொன்னதும் எடுபடாது.

எங்கள் இயக்கத்தின் சேவையைக் காட்ட, பெயர் இல்லாமல் ஒரு படம் மட்டும் வாட்ஸ்அப்பில் போடலாமா?

கூடாது. பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை. 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே இடைநிலைப்பள்ளி இருக்கும் ஊரில் "அந்தத் தோட்டத்துப் பையன்" என்றாலே போதும், எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வக்கீல் வைக்க வசதியில்லை.

தேசிய சட்ட உதவி அறவாரியத்திடம் கேளுங்கள், சட்ட உதவி இலாகாவும் இருக்கிறது. வழக்கின் முதல் தேதிக்கு முன்பே போங்கள்.

தமிழ் மட்டும் தெரிந்த பையனுக்கு நானே பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கலாமா?

அது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலை. தமிழ் தேவை என்று முன்கூட்டியே கவுண்டரில் சொல்லி வைப்பதுதான் உங்கள் வேலை. குற்றச்சாட்டைப் பிள்ளைக்குப் புரியும் எளிய மொழியில் விளக்க வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. பயந்த பிள்ளை எதற்கும் "ஆமா" என்றுதான் தலையாட்டும். புரியவில்லை என்று தோன்றினால் வக்கீலிடம் சொல்லுங்கள், கூண்டுப் பக்கம் போய் நீங்களே பேசாதீர்கள்.

பிணைப் பத்திரத்தில் பெற்றோர் பயிலரங்குக்குப் போகச் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு வேலை.

சமூக நல இலாகா நடத்தும் பயிலரங்கு அது. பத்திரத்தில் எழுதிய நிபந்தனை என்பதால் விருப்பப்பட்டால் போகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேதி ஒத்துவராவிட்டால் இப்போதே எழுத்தில் கொடுத்து வேறு நாள் கேளுங்கள், நகல் ஒன்றில் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.