நல்ல பாக்டீரியா வறண்ட சருமத்துக்கு ஈரம் தருமா?

கேள்வி: எனக்கு வயது 34. காலில் நகம் பட்டால் வெள்ளைக்கோடு விழும், அவ்வளவு வறட்சி. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் மாற்றமில்லை. 'நல்ல பாக்டீரியா' சேர்த்த கிரீம், புரோபயாடிக் மாத்திரை இரண்டும் சருமத்தில் ஈரத்தைக் கூட்டும் என்கிறார்களே, வாங்கலாமா? மற்றபடி தினமும் இரண்டு வேளை உடம்பு முழுக்க சோப்பு போட்டுத் தேய்த்துக் குளிக்கிறேன், சுத்தத்தில் குறை வைப்பதில்லை.

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைப்பதைத்தான் தினமும் இரண்டு வேளை கழுவி விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் 0.02 மில்லிமீட்டர் கனம்தான். செத்த செல்கள் செங்கல் போல அடுக்கியிருக்க, இடையில் சாந்து மாதிரி கொழுப்பு பூசியிருக்கும். அந்தக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி செராமைடு என்ற வகை. சாந்து உதிர்ந்த சுவரில் ஈரம் நிற்காது, அதனால்தான் நீங்கள் குடித்த தண்ணீரும் காலுக்கு உதவவில்லை. நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா ஒரு நொதியை (என்சைம்) சுரக்கிறது, அது நம் செல்லில் உள்ள கொழுப்பை உடைத்து செராமைடு உருவாக உதவுகிறது என்று 2022-ல் வந்த ஆய்வு எலிகளில் காட்டியது. முகப்பருவுக்குக் காரணம் என்று நாம் திட்டும் பாக்டீரியாகூட எண்ணெய்ப்பசையை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கி, தோலை லேசான அமிலத்தன்மையில், பி.எச். 5-ஐ ஒட்டி வைத்திருக்க உதவுகிறது. செராமைடு உருவாக்கும் நம் சொந்த நொதிகளுக்கும் அந்த அமிலத்தன்மை வேண்டும். சாதாரண சோப்போ பி.எச். 9, 10, அதாவது காரத்தன்மை. குளித்துத் துடைத்ததும் தோல் இழுத்துப் பிடிக்கிறதே, சாந்து கரைவதன் அடையாளம் அது.

சரி, மாத்திரை? 2015-ல் கொரியாவில் வறண்ட சருமமுள்ள 110 பேரை வைத்து நடந்த சோதனையில், லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற நல்ல பாக்டீரியாவின் ஒரு ரகத்தை 12 வாரம் சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் நீர்ச்சத்து கூடியது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் பலன் அந்த ஒரு ரகத்துக்கு. டப்பாவில் வெறுமனே 'புரோபயாடிக்' என்று போட்டிருந்தால் அதே பலனை எதிர்பார்க்காதீர்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடவே கூடாது. கிரீம்களில் பெரும்பாலும் உயிருள்ள பாக்டீரியா இருக்காது, கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் அதையும் கொன்றுவிடும், இருப்பது அதன் சிதைந்த பாகங்கள்தான்.

ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும், அதுவும் ஒரு வேளை. மற்ற இடங்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும், நார் வேண்டாம். அப்புறம் துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் கிளிசரினும் செராமைடும் உள்ள கிரீமைத் தடவுங்கள். அதற்கும் அடங்காமல் வெடிப்பு, அரிப்பு, நீர்க்கசிவு என்று போனால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், எக்ஸிமா என்ற தோல் அழற்சியாக இருக்கலாம். தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், வறட்சிக்கு அவையும் காரணமாகலாம்.