முதுகுவலிக்கு அறுவை சிகிச்சை: வலி இடுப்பிலா, காலிலா?

கேள்வி: எனக்கு 47 வயது. நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டு ஆண்டுகளாக அடிமுதுகில் வலி இருக்கிறது, காலுக்கு இறங்குவதில்லை. ஸ்கேனில் எல்4–எல்5 பகுதியில் (அடிமுதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே) டிஸ்க் தேய்ந்து, ஜவ்வு பிதுங்கியிருப்பதாக வந்திருக்கிறது. மாத்திரைகள் சாப்பிட்டேன், பத்து நாள் பிசியோதெரபிக்கும் போனேன். ஒரு மருத்துவர் ஸ்குரூ வைத்து எலும்புகளை இணைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் உடற்பயிற்சியே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் ஸ்கேன் அறிக்கையைவிட முக்கியமானது, ‘காலுக்கு இறங்குவதில்லை’ என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு, அதாவது டிஸ்க், பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி பெரும்பாலும் இடுப்போடு நிற்காது. பிட்டத்தைத் தாண்டி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் மின்சாரம் பாய்ந்ததுபோல இறங்கும். அந்த அழுத்தத்தை நீக்குவதில் அறுவை சிகிச்சைக்கு நல்ல பெயர் உண்டு. வலி இடுப்பிலேயே நிற்கும்போதோ, அது ஜவ்விலிருந்து வருகிறதா, பின்பக்கச் சிறு மூட்டுகளிலிருந்தா, தசைநார்களிலிருந்தா, அல்லது நீண்ட நாள் வலியால் கூர்மையடைந்துவிட்ட நரம்பு மண்டலத்திலிருந்தா என்பதை உறுதியாகக் காட்டும் பரிசோதனை எதுவும் இல்லை. வலியின் ஊற்று தெரியாத இடத்தில் கத்தி எதைச் சரிசெய்யும் என்பதுதான் சிக்கல்.

ஸ்கேனில் தெரிகிறதே என்று நீங்கள் கேட்கலாம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓரிடத்திலாவது ஜவ்வு பிதுங்கியிருந்தது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கணக்கின்படி, வலி ஏதுமில்லாத 40 வயதுக்காரர்களில் 100-க்கு 68 பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 50 பேருக்குப் பிதுக்கமும் இருக்கின்றன. ஆகவே உங்கள் அறிக்கையில் உள்ள சொற்கள் உங்கள் வயதைச் சொல்கின்றன. வலியின் காரணத்தையும் சொல்கின்றன என்று அவற்றை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ‘டிஸ்க் தேய்ந்துவிட்டது’ என்று கேட்ட நாளிலிருந்து குனியவே அஞ்சுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அச்சத்தால் தசைகள் இறுகி வலி கூடுவதும் உண்டு.

இனி, எலும்பு இணைப்புக்கு வருவோம். ஸ்வீடனில் 2001-இல் வெளியான ஆய்வில், இணைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வழக்கமான பிசியோதெரபியைத் தொடர்ந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் இதைச் சுட்டுவார்கள், அதில் தவறில்லை. ஆனால் நார்வேயில் 2003-இல் வெளியான ஆய்வு, உங்களைப் போலவே கீழ்முதுகு டிஸ்க் தேய்மானம் உள்ள 64 பேரை எடுத்துக்கொண்டு, இணைப்பு அறுவை சிகிச்சையை முறையான உடற்பயிற்சியோடும், வலியைப் பற்றிய அச்சத்தைப் போக்கும் பயிற்சியோடும் ஒப்பிட்டது. ஓராண்டுக்குப் பின் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. பிரிட்டனில் 349 பேரை வைத்துச் செய்து 2005-இல் வெளியான ஆய்விலும், இரண்டு ஆண்டு முடிவில் அறுவை சிகிச்சைக்குக் கிடைத்த அனுகூலம், முதுகுவலியால் அன்றாட வேலைகளில் ஏற்படும் சிரமத்தை அளக்கும் 100 புள்ளி அளவுகோலில் ஏறக்குறைய 4 புள்ளிதான். எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது: ஏற்கெனவே பலிக்காத சிகிச்சையோடு ஒப்பிட்டால் அறுவை சிகிச்சை வெல்கிறது, தீவிரப் பயிற்சியோடு ஒப்பிட்டால் பெரிதாக வெல்வதில்லை.

அந்தப் பிரிட்டிஷ் ஆய்வில் ‘பயிற்சி’ என்பது வாரத்துக்கு 5 நாள் வீதம் 3 வாரம், மொத்தம் சுமார் 75 மணி நேரம். உங்கள் பத்து நாள் பிசியோதெரபியில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பலருக்கு நடப்பது இதுதான்: குப்புறப் படுக்க வைத்து இடுப்பில் ‘கரண்ட்’ வைப்பார்கள், ஒத்தடம் கொடுப்பார்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு பயிற்சிகள் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கும் அப்படித்தான் என்றால், நீங்கள் பயிற்சி சிகிச்சையை முயன்று தோற்றதாகச் சொல்ல மாட்டேன்; அதை நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை. நேரில் கவனித்துப் படிப்படியாகச் சுமையைக் கூட்டும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் குறைந்தது 12 வாரம் பயிற்சி எடுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் வலி சற்றே கூடலாம். பெரும்பாலும் அது காயத்தின் அறிகுறி அல்ல. இடுப்பு பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதையும், இழுவை சிகிச்சையையும் பரிந்துரைக்கவில்லை. வலி நிவாரணிகளை வலி முற்றும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

உங்களுக்கு அறுவை சிகிச்சை சொன்ன மருத்துவரை நான் குறைகூறவில்லை. எலும்பு ஒன்றின் மேல் ஒன்று நழுவி நிலையாமை ஏற்பட்டிருந்தாலோ, முறிவு, கிருமித்தொற்று, கட்டி போன்றவை இருந்தாலோ இணைப்பு தேவைப்படலாம். எனவே அவரிடமே திரும்பிச் சென்று, ‘என் எக்ஸ்ரேயில் எலும்பு நழுவல் இருக்கிறதா? இந்தச் சிகிச்சையால் எனக்கு எந்த வலி குறையும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் எலும்பு நழுவலையோ நரம்பு அழுத்தத்தையோ படத்தில் சுட்டிக் காட்டினால் பேச்சு வேறு. தேய்மானத்தை மட்டும் காட்டினால், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆய்வுக்கு வெளியே இத்தகைய இடுப்புவலிக்கு எலும்பு இணைப்பை அளிக்க வேண்டாம் என்று சொல்வதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. எட்டு வாரமாக இடுப்பிலிருந்து வலது பாதம் வரை வலி. ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்கிறார்கள். ஆபரேஷன் வேண்டாம், தானாகச் சரியாகும் என்று இருக்கிறான். கடந்த வாரம் முதல் செருப்பு காலிலிருந்து நழுவினால்கூட அவனுக்குத் தெரியவில்லை.

பதில்: கடைசி வரி இல்லாவிட்டால் உங்கள் தம்பியோடு நானும் ஒத்துப்போயிருப்பேன். வெளியே வந்த ஜவ்வுத் துண்டை உடலே மெல்லக் கரைத்துவிடுவது உண்டு; வியப்பாகத் தோன்றும், பெரிய துண்டுகளே அதிகம் கரைகின்றன. நெதர்லாந்தில் 2007-இல் வெளியான ஆய்வில், 6 முதல் 12 வாரம் கால்வலி இருந்தவர்களில் உடனே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் காத்திருந்தவர்களும் ஓராண்டில் ஒரே அளவு, 100-க்கு 95 பேர், தேறினார்கள். உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் விட்டது; காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் பிறகு அறுவை சிகிச்சைக்கே வந்தார்கள். வலி மட்டும் இருந்தால், எவ்வளவு நாள் பொறுக்க முடியும் என்பதை வைத்து அவரவர் முடிவு செய்யலாம்.

ஆனால் உணர்வு குறைவது வேறு கணக்கு. அவரைக் குதிகாலில் மட்டும் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். பிறகு வலது கால் கட்டைவிரலை நீங்கள் அழுத்த, அவர் மேலே தூக்கட்டும். முன்பாதம் தொங்கினாலோ, கட்டைவிரல் உங்கள் விரலுக்கு ஈடுகொடுக்காவிட்டாலோ, ஓரிரு நாட்களுக்குள் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்தாக வேண்டும். பலவீனம் கூடிக்கொண்டே போகும் நரம்பைக் காக்க வைக்கக் கூடாது. தூக்க முடிந்தாலும், உணர்வுக் குறைவுக்காக இந்த வாரத்திலேயே காட்டிவிடுங்கள்.

இரு தொடைகளுக்கு நடுவே, சேணத்தில் படும் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் தேங்கினாலோ, மலம் அறியாமல் வெளியேறினாலோ, இரண்டு கால்களும் தளர்ந்தாலோ, அது நள்ளிரவாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ‘முதுகுவலி’ என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடக் கூடும். எந்த இடம் மரத்திருக்கிறது, கடைசியாக எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தார் என்பதை முதலில் சொல்லுங்கள்.