பண்ட்லாந்து ஏன் பிரியவில்லை?

அன்புள்ள ஐயா,

சோமாலிலாந்து 1991-லேயே சோமாலியாவிலிருந்து பிரிந்து தனி நாடு என்று அறிவித்துவிட்டது. பக்கத்தில், சோமாலியாவின் வடகிழக்கில் உள்ள பண்ட்லாந்துக்கும் தனி அதிபர், நாடாளுமன்றம், போலீஸ் எல்லாம் இருந்தும் பிரிவினை பேசுவதில்லை. துணிச்சல் போதவில்லையா? கடற்கொள்ளையைத் தவிர அதற்கு வரலாறுதான் உண்டா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

துணிச்சலுக்கெல்லாம் பஞ்சமில்லை. சோமாலிலாந்துக்கு பிரிட்டிஷ்காரர்கள் போட்ட எல்லை இருந்தது. 1960 ஜூன் 26 அன்று சுதந்திரம் பெற்று, ஜூலை 1 அன்று இத்தாலிய சோமாலியாவோடு சேர்ந்தது. ‘எங்களுடையதைத் திருப்பிக் கேட்கிறோம்’ என்று அவர்கள் வாதாடலாம். பண்ட்லாந்துக்கு அந்த வசதி கிடையாது. அதன் பெரும்பகுதி இத்தாலியர் ஆண்டது. அது உரிமை கோரும் சூல், சனாக் பகுதிகளோ பிரிட்டிஷார் ஆண்டவை. ஹார்த்தி குலத்தவர் வாழும் நிலம் என்பதுதான் இவற்றை ஒன்றாகக் கட்டியது. சூலின் தலைநகர் லாஸ் அனோதை சோமாலிலாந்து 2007-ல் பிடித்தது. 2023-ல் உள்ளூர்ப் படைகள் சோமாலிலாந்தை அங்கிருந்து விரட்டின. விரட்டியவர்கள் பண்ட்லாந்திடமும் திரும்பிப் போகவில்லை, தங்களுக்கென்று ஒரு நிர்வாகம் அமைத்துக்கொண்டார்கள்!

அப்புறம், பண்ட்லாந்துக்காரர்களின் கண் எப்போதும் சோமாலியாவின் தலைநகர் மொகதிஷு மீதுதான். எத்தியோப்பியாவுடன் நடந்த ஒகடேன் போரில் தோற்ற சோமாலிய சர்வாதிகாரி சியாத் பாரேயை 1978-ல் கவிழ்க்க முயன்ற அதிகாரிகளில் பெரும்பாலோர் ஹார்த்தியின் ஒரு பிரிவான மஜீர்தீன் குலத்தவர். முயற்சி தோற்றது. பாரே பழிவாங்கியது அதிகாரிகளை மட்டுமல்ல. அவர்கள் குலத்தவர் வாழும் முதுக் பகுதியில் ‘பெர்கத்’ எனப்படும் மழைநீர்த் தொட்டிகளை ராணுவம் உடைத்துப் போட்டது. ஒட்டகங்களை நம்பி வாழும் வறண்ட மண்ணில் தொட்டியை உடைத்தால் மந்தையும் போச்சு, மனிதரும் போச்சு.

இவ்வளவு பட்டவர்கள் பிரிந்துபோயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இவர்களோ பாரே விழுந்த பிறகும் ஏழு ஆண்டுகள் மத்திய அரசு ஒன்று வரும் என்று காத்திருந்தார்கள். சமாதான மாநாடுகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்த பின்தான், 1998 ஆகஸ்ட் 1 அன்று, கரோவே நகரில் பண்ட்லாந்து பிறந்தது. எதிர்காலக் கூட்டாட்சி சோமாலியாவின் ஒரு பகுதி என்றே தன்னை அறிவித்துக்கொண்டது.

முதல் அதிபர் அப்துல்லாஹி யூசுஃப், அந்த 1978 முயற்சியில் தப்பியவர். ஜனநாயகவாதி என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2001-ல் பதவிக்காலம் முடிந்தும் நகர மறுத்தார். வேறொருவர் தேர்வானதும் ஆயுதத்தோடு வந்து நாற்காலியைப் பிடித்தார். 2004-ல் சோமாலியாவின் அதிபராகவே ஆகிவிட்டார். மொகதிஷு நாற்காலி எட்டும் தூரத்தில் இருக்கும்போது எவர் தனி நாடு கேட்பார்? ஆனால் அதே பண்ட்லாந்தில், 2014-ல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் 33-க்கு 32 என்று ஒரே வாக்கில் தோற்ற அதிபர், பேசாமல் பதவியை விட்டு இறங்கினார். இது நம் செய்திகளில் வரவேயில்லை. பண்ட்லாந்தின் எய்ல் கடற்கரைக் கொள்ளையர்கள் மட்டும் வந்தார்கள்.

2024 மார்ச்சில் மொகதிஷு அரசியல் சட்டத்தைத் திருத்தியதும் பண்ட்லாந்து முறுக்கிக்கொண்டது. மக்கள் வாக்கெடுப்பு நடக்கும்வரை மத்திய அரசை ஏற்க மாட்டோம், தனித்தே இயங்குவோம் என்றது. அப்போதும் பிரிவினை என்று அறிவிக்கவில்லை.