வட்டாரம் இல்லாத உறுப்பினர்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சேர்,

வணக்கம். நான் களுவாஞ்சிகுடி. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு பற்றி முதுதத்துவமாணிப் (எம்.பில்.) பட்டத்துக்கு ஆய்வு செய்தேன். 2018இல் மட்டக்களப்பு மாவட்டப் பிரதேச சபைகளுக்கு வந்த பெண் உறுப்பினர்களை வீடு வீடாகப் போய்க் கண்டு பேசினேன். அதிலிருந்து ஒரு கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி, வெளிநாட்டு அரசறிவியல் ஜேர்னல் ஒன்றுக்கு அனுப்பினேன். துறைசார்ந்தவர்கள் வாசித்துக் கருத்துச் சொல்லும் ரிவியூவுக்கே விடாமல் இரண்டு கிழமையில் திருப்பிவிட்டார்கள். எங்கள் வாசகர்களின் பரந்த அக்கறைக்குப் பொருந்தவில்லை என்று ஒரேயொரு வரிதான் காரணம்.

இப்போது வேறொரு ஜேர்னலில் இருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. 150 டொலர் கட்டினால் ஐந்து நாளில் பிரசுரிப்பார்களாம். ஐ.எஸ்.எஸ்.என். இலக்கமும் இருக்கிறது. விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்க ஒரு பிரசுரமாவது வேண்டும். மட்டக்களப்பைப் பற்றி எழுதினால் வெளியில் யாருக்கும் அக்கறை இல்லையோ என்று மனம் விட்டுப்போச்சு. ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டுப் பொதுவாக 'இலங்கை' என்று மாற்றட்டா? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள மகள்,

கட்டுரையை முழுதாக வாசித்தேன். முதலில் அந்த 150 டொலர் கதையை முடித்துவிடுவோம். கட்ட வேண்டாம். ஐந்து நாளில் ஒரு கட்டுரையை இரண்டு பேர் வாசித்து, கருத்து எழுதி, நீங்கள் திருத்தி, அவர்கள் மறுபடி பார்ப்பதென்பது நடக்கிற காரியமே இல்லை. ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர்ந்து வரும் வெளியீட்டுக்குக் கொடுக்கிற அடையாள இலக்கம், தரச் சான்றிதழ் இல்லை. காசு வாங்குகிற எல்லாமே மோசடி என்றும் நான் சொல்லவில்லை. யாரும் இலவசமாக வாசிக்கலாம் என்று திறந்துவிடும் நல்ல ஆய்விதழ்கள், கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு கட்டணம் கேட்பதுண்டு. வசதியில்லாத நாட்டுக்காரருக்குக் குறைத்தும் கொடுப்பார்கள். ஆனால் கூப்பிட்டு வரவேற்று, விலை சொல்லி, நாளும் குறித்துக் கொடுப்பவரிடம் போகாதீர்கள். அங்கே போட்ட கட்டுரையைப் பிறகு நல்ல இடத்துக்குக் கொடுக்கவும் முடியாது. மூன்று வருட உழைப்பு அதோடு போய்விடும்.

சரி, இனி திருப்பி அனுப்பிய விடயத்துக்கு வருவோம். ரிவியூவுக்கு விடாமல் திருப்புவது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது. அமெரிக்க அரசறிவியல் சங்கம் 1906இல் தொடங்கி இன்றும் நடத்திவரும் அமெரிக்கன் பொலிட்டிக்கல் சயன்ஸ் ரிவியூவில் நூறு கட்டுரை போனால் ஐந்தாறுதான் தேறும். போகிறதில் கணிசமான பங்கு எடிட்டரின் மேசையிலேயே நின்றுவிடும். அந்த மேசையில் உங்கள் கட்டுரைக்குக் கிடைப்பது சுருக்கமும் முதல் மூன்று பக்கமும்தான். அதை வாசிக்கும்போது எடிட்டரின் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இதை யாரிடம் வாசிக்கக் கொடுப்பது? சம்பளம் இல்லாமல் இதற்காக இரண்டு நாள் ஒதுக்கக்கூடிய இரண்டு மூன்று பேரின் பெயர் அவருக்குத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் 'பரந்த அக்கறை' என்ற அந்த வரி வரும்.

உங்கள் முதல் மூன்று பக்கத்தில் என்ன இருக்கிறது? மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை, போர், சுனாமி, பிரதேச சபைகளின் வரலாறு. எல்லாம் சரியான தகவல். ஆய்வேட்டுக்கு அது தேவை, பரீட்சகர் எதிர்பார்ப்பார். ஆனால் அதை வாசித்து யார் பெயரும் எந்த எடிட்டருக்கும் நினைவுக்கு வராது.

பதினேழாம் பக்கத்தில் ஒரு பந்தி எழுதியிருக்கிறீர்கள். வட்டாரத்தில் வென்று வராமல் கட்சிப் பட்டியலில் வந்த பெண் உறுப்பினர்களிடம் சனம் போய் 'நீங்க எந்த வட்டாரம்?' என்று கேட்பதும், அவர்களுக்குச் சொல்ல வட்டாரம் இல்லாததும், பிறகு சிலர் தாங்களாகவே ஒரு கிராமத்தைப் பிடித்துக்கொண்டு வீதி விளக்கு, கிணறு, நூலகம் என்று அங்கே வேலை செய்யத் தொடங்கியதும். அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பவும் வாசித்தேன். கட்டுரை அங்கேதான் இருக்கிறது மகள். நீங்கள் அதை ஒரு பந்தியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

ஏன் அது பெரிய விடயம் என்றால், உலகத்தில் பெண் ஒதுக்கீடு பற்றி எழுதுகிற ஆட்கள் நன்றாக அறிந்த உதாரணம் இந்தியப் பஞ்சாயத்து. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. பெண்கள் தலைவராக இருந்த பஞ்சாயத்துகளில் காசு எதற்குச் செலவாகியது என்று மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பார்த்து, ராகபேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் வெளியிட்ட கட்டுரையைத் தெரியாத ரிவியூவர் இந்த விடயத்தில் அரிது. குடிதண்ணீர் போன்ற, பெண்கள் கூடுதலாகக் கேட்கிற வேலைகளுக்குப் பணம் அதிகம் போனதைக் காட்டிய ஆய்வு அது. ஆனால் அங்கே ஒதுக்கிய இடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் வோட்டுப் போட்ட சனமும் உண்டு.

இங்கே அப்படியில்லை. சபை உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களில் வென்று வருபவர்கள், 40 வீதம் கட்சிப் பட்டியலில் இருந்து வருபவர்கள். கட்சிகள் வட்டார வேட்பாளர்களில் 10 வீதம் பெண்களைப் போட்டால் போதும், அந்த மேலதிகப் பட்டியலில்தான் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 2018 பெப்ரவரி 10 தேர்தலுக்கு முன் இரண்டு வீதத்தையும் எட்டாமல் இருந்த பெண்களின் பங்கு அந்த ஒரே தேர்தலில் 20 வீதத்தைத் தாண்டியது. ஆனால் பெரும்பாலானவர்கள் பட்டியல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். ஒதுக்கீடு கதிரையைக் கொடுத்துத் தொகுதியைக் கொடுக்காமல் விட்டால் ஒரு பிரதிநிதி யாரைப் பிரதிநிதித்துவம் செய்கிறாள்? பஞ்சாயத்து ஆய்வுகளால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. உங்களால் முடியும். செங்கலடியிலும் வெல்லாவெளியிலும் வாழைச்சேனையிலும் போய்க் கேட்டு வந்திருக்கிறீர்கள்.

அதனால் ஊர்ப்பெயரை எடுக்கவே எடுக்காதீர்கள். 'இலங்கை' என்று பொதுவாக்கினால் உங்களிடம் உள்ள பலம் போய்விடும், கேள்வி மட்டும் அப்படியே சொல்லப்படாமல் கிடக்கும். கேள்வியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், இரண்டாம் பக்கத்தில் பஞ்சாயத்து ஆய்வுகளோடு நேரே பேசுங்கள், அப்புறம் மட்டக்களப்புக்கு வாருங்கள். சனத்தொகை அரைப் பக்கம் போதும். சுனாமி வேண்டாம்.

எங்கே அனுப்புவது? நீங்கள் முதலில் அனுப்பிய இடம் புள்ளிவிபர ஆய்வுகளையே பெரும்பாலும் போடுகிற இதழ். அதன் கடைசி நான்கு இதழ்களைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பெண்களும் அரசியலும் பற்றி 2005 முதல் வரும் பொலிட்டிக்ஸ் அன்ட் ஜென்டர் ஒன்று. அதன் வாசகருக்கு ஒதுக்கீடு தண்ணீர்பட்ட பாடு, பிரதேச சபை என்றால் என்னவென்று தெரியாது; அதை விளக்க வேண்டும். கன்டெம்பொரரி சவுத் ஏசியா இன்னொன்று. அங்கே வாசகருக்குப் பஞ்சாயத்து தெரியும், இலங்கையின் கலப்புத் தேர்தல் முறையைத்தான் விளக்க வேண்டும். எதற்கு எழுதுகிறோம் என்று முதலே முடிவுசெய்யுங்கள், ஏனென்றால் முன்னுரை அதைப் பொறுத்து மாறும். ஒரே நேரத்தில் இரண்டுக்கும் அனுப்பக் கூடாது, பிடிபட்டால் இரண்டும் போகும். பதில் வர மாதக்கணக்காகும்.

இனி நான் மிகவும் கவலைப்பட்ட விடயம். கட்டுரையின் கடைசியில் நேர்காணல் கொடுத்தவர்களின் அட்டவணை ஒன்று வைத்திருக்கிறீர்கள். பெயர் இல்லை, 'உறுப்பினர் 1, 2, 3' என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வயது, தொழில், கட்சி, கணவர் இருக்கிறாரா இல்லையா, எந்தச் சபை என்பதெல்லாம் ஒரே வரியில் உண்டு. எங்கள் சபைகளில் பெண் உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அந்த வரியை வாசிக்கிற யாருக்கும், நாலாம் இலக்கம் யார் என்று தேநீர்க் கடையில் நின்றபடியே சொல்ல முடியும். அந்த நாலாம் இலக்கம் தன் தவிசாளரைப் பற்றியும் கட்சிக்காரரைப் பற்றியும் உங்களை நம்பிச் சொன்னது பத்தாம் பக்கத்தில் மேற்கோளாக இருக்கிறது. கட்டுரை ஆங்கிலத்தில்தானே, இங்கே யார் வாசிக்கப்போகிறார் என்று நினைக்காதீர்கள். ஒரு ஸ்கிரீன்ஷொட் போதும். அவர் 2025 மே தேர்தலிலும் நின்றிருக்கலாம், இன்றைக்கும் சபையில் இருக்கலாம்.

அட்டவணையை உடைத்துவிடுங்கள். வயதைப் பத்து வருட இடைவெளியில் போடலாம். சபையின் பெயரை மேற்கோளோடு சேர்க்காமல், எந்தெந்தச் சபைகளுக்குப் போனீர்கள் என்று ஆய்வுமுறைப் பகுதியில் ஒருமிக்கச் சொல்லலாம். குடும்ப நிலையை, வாதத்துக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். இப்போது பல ஆய்விதழ்கள் தரவைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்கின்றன. உரையாடல் பதிவுகளை வைக்க முடியாது என்றும், ஏன் முடியாது என்றும் கட்டுரை அனுப்பும் நாளிலேயே எடிட்டருக்கான கடிதத்தில் எழுதுங்கள். முதலே சொன்னால் எடிட்டர் விளங்கிக்கொள்வார். ஏற்றுக்கொண்ட பிறகு சொன்னால் இழுபறி.

உங்களை மறைப்பதும் இருக்கிறது. எழுதியவர் யாரென்று ரிவியூவருக்குத் தெரியக் கூடாது. நன்றியுரையை எடுங்கள். 'எனது முதுதத்துவமாணி ஆய்வில்' என்ற வரிகளை எடுங்கள். வேர்ட் கோப்பின் விபரத்தில் உங்கள் பெயர் அப்படியே கிடக்கிறது, அதையும் அழியுங்கள். இங்கே உங்கள் முதலெழுத்தை மட்டும் போட்டதும் இதனால்தான்.

ரிவியூ வந்து 'திருத்தி அனுப்பு' என்று சொன்னால் அது நல்ல செய்தி, கருத்துகள் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு கருத்துக்கும் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதிக் கொடுங்கள். உடன்படாத இடத்தில் ஏன் என்று சொல்லுங்கள். அந்த நேரம் வரும்போது மறுபடி பேசுவோம்.

பதவி விண்ணப்பத்துக்கு முன் இது அச்சில் வராது, அது உண்மை. ஆய்வேட்டில் ஒதுக்கீட்டுச் சட்டத்தை விளக்கிய அத்தியாயம் தனியே நிற்கக்கூடியது. அதைத் தமிழில் சுருக்கி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ நடக்கும் ஆய்வரங்கு ஒன்றில் வாசிக்கப் பாருங்கள். இந்தக் கட்டுரையை அவசரப்படுத்த வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் ஒருக்கால் அந்த நாலாம் இலக்கக்காரரிடம் போய், அவர் சொன்னதாக நீங்கள் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள். அவர் எடுக்கச் சொல்கிறதை எடுத்துவிடுங்கள். பிறகு புது முதல் மூன்று பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.