திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறோம்: எந்தப் பத்திரம் எங்களைக் காக்கும்?

கேள்வி: எனக்கு 46 வயது. என் இணையரும் பெண்தான். ஒன்பது ஆண்டுகளாகச் சென்னையில் ஒரே வீட்டில் வாழ்கிறோம். ஃபிளாட் என் சம்பாத்தியத்தில், என் பெயரில் வாங்கியது. சமீபத்தில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ரத்த சொந்தம் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று என்று சொல்லி, பேச்சுவார்த்தையே இல்லாத அவருடைய அண்ணனை மருத்துவமனையில் வரவழைத்தார்கள். 'லிவ்-இன் ஒப்பந்தம்' எழுதி நோட்டரி முத்திரை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எனக்கு ஏதாவது ஆனால் வீடு அவருக்குப் போகுமா? நான் இந்து. பெற்றோர் இல்லை, இரண்டு தம்பிகள் உண்டு.

பதில்: அந்த ஒப்பந்தத்தை மட்டும் நம்பினால் வீடு அவருக்குப் போகாது. நீங்கள் இருவரும் விருப்பப்பட்டுச் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்பதற்கு அது ஒரு சான்று, அவ்வளவுதான். வாரிசுரிமையை நோட்டரி முத்திரையால் உண்டாக்க முடியாது.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது? தன்பாலின இணையர் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் மறுத்துவிட்டது. அதன் மீதான சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆனால் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொல்லி, நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பத்தையும் ஏற்றது. இப்படிப்பட்ட இணையர் தங்கள் உறவைப் பதிவு செய்துகொள்ள ஒரு பத்திர முறையைக் கொண்டுவருவது பற்றி யோசிக்கும்படி, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023-லேயே தமிழக அரசிடம் சொன்னார். அது வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு திருமணச் சான்றிதழைக் காட்டி மற்றவர்கள் பெறுவதை, நீங்கள் நான்கைந்து ஆவணங்களைச் சேர்த்துத்தான் பெற வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை. ஆனாலும் பெற முடியும்.

முதல் வேலை உயில். இன்று உயில் இல்லாமல் நீங்கள் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, கணவரோ பிள்ளைகளோ பெற்றோரோ இல்லாத உங்கள் வீடு தந்தை வழி வாரிசுகளுக்குப் போகும். அதாவது உங்கள் தம்பிகளுக்கு. ஒன்பது ஆண்டுகள் கூட வாழ்ந்தவருக்கு அந்த வீட்டில் உரிமை கிடையாது. உயில் எழுதிவிட்டால் நிலைமை அப்படியே மாறிவிடும். சுயசம்பாத்தியச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். தம்பிகளின் சம்மதம் தேவையில்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள் என்பதே என் அழுத்தமான ஆலோசனை.

காரணம், இந்த மாதிரி உயில்களைப் பின்னால் எதிர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது, 'கூட இருந்தவர் மிரட்டி எழுதி வாங்கிவிட்டார்' என்பதுதான். சொத்தைப் பெறுகிறவர் உயில் எழுதும் வேலையில் முன்னின்றால் நீதிமன்றமும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். ஆகவே பதிவு நாளன்று உங்கள் இணையர் வரவே வேண்டாம். அவர் சாட்சியாகவும் இருக்கக் கூடாது. உங்களைவிட வயதில் இளையவர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். தெளிந்த மனநிலையில் இருக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி உடன் வையுங்கள். தம்பிகளை உயிலில் குறிப்பிடாமல் விட்டுவிடாதீர்கள். 'என் தம்பிகள் இருவரும் தத்தம் வருமானத்தில் வசதியாக இருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக என் நலம் பேணி என்னுடன் வாழ்ந்துவரும் இவருக்கே இந்த வீட்டை என் முழு மனதோடு எழுதிவைக்கிறேன்' என்பதுபோல உங்கள் சொற்களில் காரணத்தை எழுதுங்கள். மறந்துபோய் விட்டுவிட்டார் என்று பிறகு யாரும் வாதாட முடியாது.

இப்போதே வீட்டை அவர் பெயருக்கு மாற்றி செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். வேண்டாம். குடும்ப உறுப்பினருக்கு எழுதும்போது கிடைக்கும் முத்திரைத்தீர்வைச் சலுகை இணையருக்குக் கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் 'உறவினர்' பட்டியலிலும் அவர் இல்லாததால், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட அன்பளிப்புக்கு அவர் வரி கட்ட நேரும். உயில் வழியாக வந்தால் இந்த வரி இல்லை. உயிலை நினைத்தபோது மாற்றியும் எழுதலாம்.

அடுத்தது நாமினி. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், இணையரை நாமினியாகப் போடவும் தடை ஏதும் இல்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியிருக்கிறது. வங்கியில் தயங்கினால் இதைச் சொல்லுங்கள். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்ல. தம்பிகள் அந்தப் பணத்தை அவரிடமிருந்து கேட்கலாம். அதனால் வைப்புநிதி, காப்பீடு, பங்குகள் என்று ஒவ்வொன்றையும் உயிலிலும் எழுதுங்கள். பி.எஃப். விதிகளில் 'குடும்பம்' என்பதில் கணவர், பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோர் வருவார்கள், உடன்பிறந்தவர்கள் வரமாட்டார்கள். ஆகவே உங்கள் நிலையில் இணையரை அங்கேயும் நியமிக்கலாம்.

மருத்துவமனை விஷயம் என்னை உண்மையிலேயே வருத்தியது. ஏனென்றால் நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சொந்தச் சம்மதமே செல்லும். அதற்கு அண்ணன் கையெழுத்து தேவையே இல்லை. 2008-இல் சமீரா கோஹ்லி வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காகத் தாய் தந்த சம்மதத்தைக்கூட உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உயிர் காக்கும் அவசரத்தில் யார் கையெழுத்தும் இல்லாமலே மருத்துவர் சிகிச்சை அளிக்கலாம். இனி அனுமதிக்கும் நாளிலேயே, 'என் சிகிச்சை விவரங்களை இவரிடம் சொல்லுங்கள், என் சார்பில் இவரிடம் கலந்து பேசுங்கள்' என்று நோயாளி கையெழுத்திட்ட கடிதத்தைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மீள வழியில்லாத நிலைக்கென ஒரு முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலும் எழுதலாம்; அந்நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம், யாரிடம் கேட்க வேண்டும் என்று முன்பே எழுதிவைப்பது அது. 2023 ஜனவரியில் விதிகள் எளிதாகிவிட்டன. இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும். மனநலச் சிகிச்சைக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளமானது. வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டு, விரும்பிய எவரையும் பிரதிநிதியாக நியமிக்கலாம், உறவுமுறை பார்ப்பதில்லை.

பவர் பத்திரம் பற்றி ஒரு எச்சரிக்கை. எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ அது காலாவதியாகிவிடும். உயிலுக்கு அது மாற்றாகாது.

இவை அனைத்தையும் இருவரும் தனித்தனியே செய்ய வேண்டும்; உங்கள் இணையருக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார் அல்லவா. இதெல்லாம் முடிந்தபின், தெரிந்தவர் சொன்ன ஒப்பந்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கடனில் யார் எவ்வளவு கட்டினீர்கள், பொருட்கள் யாருடையவை என்று குறித்துவைக்கவும், உறவினர் புகாரின் பேரில் காவலர் வாசலில் வந்து நின்றால் காட்டவும் அது உதவும். தன்பாலீர்ப்பினரையும் திருநரையும் துன்புறுத்துவது தமிழகக் காவலர் நடத்தை விதிகளின்படி 2022 முதல் தவறு என்பதையும் அப்போது தயங்காமல் சொல்லுங்கள்.