தனியாக டிசைன் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் கிடைக்கச் சொந்த வெப்சைட் தேவையா, இன்ஸ்டாகிராம் போதாதா?

தேவைதான். ஆனால் வெப்சைட் போட்ட மறுநாளே போன் அடிக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

நான் ஈரோட்டில் உணவுப் பொருட்களுக்கு லேபிள், பாக்கெட், டப்பா டிசைன் செய்கிறேன். மரச்செக்கு எண்ணெய், சிறுதானிய மாவு, மசாலாப் பொடி, இந்த மாதிரி. வேலையில் பெரும்பங்கு யாராவது சொல்லி வருவதுதான். அச்சகத்துக்காரரோ பழைய வாடிக்கையாளரோ "நமக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், நல்லா பண்ணுவார்" என்று நம்பரைக் கொடுப்பார். வாங்கியவர் உடனே கூப்பிட மாட்டார், பெயரைப் போட்டு கூகுளில் தேடுவார், இல்லையென்றால் "செஞ்ச வேலை ரெண்டு அனுப்புங்க" என்று வாட்சப்பில் கேட்பார். அந்த நேரத்துக்குத்தான் வெப்சைட். பாதி மனதோடு வந்தவரை அது கூப்பிட வைக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இன்ஸ்டாகிராமை விட வேண்டாம், இருக்கட்டும். ஆனால் போன வருடம் செய்த நல்ல வேலை அங்கே அடியில் போய்விடும், கணக்கே இல்லாத மில் முதலாளி லிங்கைத் தட்டினால் லாகின் கேட்கும், அவர் மூடிவிட்டுப் போய்விடுவார். டிசைனர்கள் தங்கள் வேலையைப் போட்டுக் காட்டும் பிஹான்ஸ் நல்ல தளம், ஆனால் அங்கே நம் வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் மற்ற டிசைனர்கள்தான், எண்ணெய் வியாபாரி அங்கே வரமாட்டார். அப்புறம், அடுத்தவர் இடம் அடுத்தவர் இடம்தான். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு (கடைப் பெயரைத் தேடினால் கூகுளிலும் மேப்பிலும் வரும் விவரப் பக்கம்) இலவசமாகக் கொடுத்துவந்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. சில மாதம் ப்ரொஃபைல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள், பிறகு அதுவும் இல்லை.

சரி, உள்ளே என்ன வைப்பது? முதல் வரியிலேயே என்ன வேலை, யாருக்கு, எந்த ஊர் என்று சொல்லிவிடுங்கள். "உங்கள் கனவுகளுக்கு வண்ணம் தீட்டுகிறோம்" வகை வசனமெல்லாம் வேண்டாம், "உணவுப் பொருட்களுக்கு லேபிள், பாக்கெட் டிசைன், ஈரோடு" என்றால் போதும். அதற்குக் கீழே நல்ல வேலைகள் ஏழெட்டு. படத்தை மட்டும் வரிசையாக அடுக்கிவிட்டு நிறுத்தாமல், ஒவ்வொன்றிலும் என்ன யோசித்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒரு நல்லெண்ணெய் பாட்டில் லேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் உருண்டை, அலமாரியில் நிற்கும்போது சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணில் படும், பிராண்ட் பெயர் அதற்குள் அடங்கியாக வேண்டும். சைவம் என்று காட்டும் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளியும் முன்பக்கம் பெயருக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். பின்பக்கம் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், ஊட்டச்சத்து அட்டவணை, எம்ஆர்பி, தயாரிப்பாளர் முகவரி என்று ஒரு படையே உட்கார வேண்டும். பேட்ச் எண்ணும் தேதியும் லேபிள் அச்சான பிறகு மெஷினில் அடிப்பார்கள், அதற்கு விட்ட கட்டத்தின் மேல் வார்னிஷ் (பளபளப்புப் பூச்சு) போகாமல் விட வேண்டும், போனால் மை ஒட்டாமல் விரல் பட்டாலே அழிந்துவிடும். இந்தக் கடைசி விஷயத்தை உங்கள் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், லேபிள் அடித்து ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்ட வியாபாரி அதைப் படித்ததுமே "இவருக்கு விஷயம் தெரியும்" என்று முடிவு கட்டிவிடுவார். கூடவே கம்ப்யூட்டரில் பாட்டில் மேல் லேபிளை ஒட்டிக் காட்டும் மாக்கப் படத்துக்குப் பதில், கடை அலமாரியில் நிற்கும் நிஜ பாட்டிலைப் போனில் எடுத்துப் போடுங்கள். பொருள் சந்தைக்கு வருவதற்கு முன்னால் மட்டும் போட்டுவிடாதீர்கள், வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

விலை போடலாமா என்பதில் டிசைனர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது. என்னைக் கேட்டால் போடுங்கள், "லேபிள் இவ்வளவு ரூபாயிலிருந்து, இத்தனை முறை திருத்தம் உண்டு, அச்சுக்கான ஃபைலும் சேர்த்து" என்று. ஐந்நூறு ரூபாய்க்கு லோகோ தேடுபவர் அங்கேயே விலகிக்கொள்வார், இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

டெக்னிக்கல் பக்கம் பயப்பட ஒன்றுமில்லை. நாலைந்து பக்கத்துக்கு, வெப்சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் தாராளம், அதுவும் கஷ்டம் என்றால் கூகுள் சைட்ஸிலேயே சொந்த டொமைனை (வெப்சைட் முகவரியை) இணைத்துக்கொள்ளலாம். டாட் இன், டாட் காம் எதுவானாலும் முதல் வருட ஆஃபரைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று பாருங்கள்.

டிடிபி (அச்சுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலை) பின்னணியில் இருந்து வருபவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அச்சு ஃபைலில் இருந்து சிஎம்ஒய்கே (அச்சுக்கான நிற முறை) படத்தை அப்படியே ஏற்றினால் ஸ்க்ரீனில் நிறம் மாறித் தெரியலாம், ஸ்க்ரீனுக்கான ஆர்ஜிபிக்கு மாற்றி, அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, 300 கேபிக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள். ஏற்றியபின் வைஃபையை அணைத்துவிட்டு போனில் திறந்து பாருங்கள், வருகிறவர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் பார்ப்பார்கள். இரண்டாவது, பாமினி மாதிரி பழைய ஃபான்டில் அடித்த தமிழைப் படமாக்கி ஒட்டாதீர்கள், யூனிகோடில் (போனில் அடிக்கும் தமிழ் மாதிரி) டைப் செய்தால்தான் "எண்ணெய் பாட்டில் லேபிள் டிசைன்" என்று தமிழில் தேடுகிறவர் கண்ணில் படுவீர்கள்.

தொடர்புக்கு நீளமான படிவமெல்லாம் நம் ஊரில் யாரும் நிரப்புவதில்லை. ஒரு வாட்சப் பட்டன், ஒரு போன் நம்பர். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இருந்தால் வெப்சைட் முகவரியை அதிலும் சேர்த்துவிடுங்கள், இலவசம்தான். பிளாக் பகுதி வேண்டவே வேண்டாம், கடைசிப் பதிவு இரண்டு வருடப் பழசாக இருந்தால் தொழிலையே விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

வேறு யாரையாவது வைத்துச் செய்வதானால் டொமைனை மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். "நானே எல்லாம் பாத்துக்கறேன்ணா" என்று சொல்லும் தம்பி தன் கணக்கில் வாங்கிவிட்டு நாளைக்கு துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டால், புதுப்பிக்க வேண்டிய நாளன்று யாரிடம் போய் நிற்பீர்கள்?