வளைகிற உடம்பும் தூக்குகிற உடம்பும்

அன்புள்ள ஐயா,

வயது 46. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க நாற்காலிதான். எட்டு மாதமாக யோகா வகுப்புக்குப் போகிறேன். கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிற பச்சிமோத்தாசனத்தில் நெற்றி முட்டியைத் தொடுகிறது. ஆனால் போன வாரம் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ஆட்டோவிலிருந்து இறக்கி நாலு படி ஏறுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. "யோகாவுல பலம் வராதுப்பா, ஜிம்முக்குப் போ" என்கிறான் மகன். உண்மையா?

ர., நீடாமங்கலம்

அன்புள்ள ர.,

மகன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, ஒரு காலை முட்டி மடங்காமல் தூக்குங்கள். எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பாதத்தில் ஒரு துண்டை மாட்டி இரண்டு கையாலும் இழுங்கள். இன்னும் ஒரு சாண் வரும். துண்டை விட்டதும் கால் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். அந்த ஒரு சாணில்தான் உங்கள் கோளாறு. உடம்பு அதுவரை போகிறது, தசை அங்கே வேலைக்கு வருவதில்லை. எட்டு மாதமாகக் கட்டைவிரலைப் பிடித்துக் கையால் இழுத்தே குனிந்திருக்கிறீர்கள்.

ஆசனங்களை மாற்ற வேண்டியதில்லை. மெதுவாகச் செய்யுங்கள். தண்டால் எடுப்பதுபோல உடம்பைத் தரையை நோக்கி இறக்குகிற சதுரங்க தண்டாசனத்தில் ஐந்து எண்ணும்வரை இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் முட்டியை ஊன்றிக்கொண்டு செய்யலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல முட்டி மடக்கி நிற்கிற உத்கடாசனத்தில் ஐந்து மூச்சு நில்லுங்கள், சுலபமானதும் எட்டு. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் இருந்தால் அடக்கவே கூடாது.

சிதம்பரம் போனால் கோபுர வாசல் சுவரில் 108 கரணச் சிற்பங்களை, அதாவது நாட்டிய நிலைகளைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்திலும் உண்டு. 81 செதுக்கியதோடு நிறுத்திவிட்டார்கள், மீதிக் கல் வெறுமையாகவே இருக்கிறது. நான் பார்க்கச் சொல்வது கால்களை. பலவற்றில் அரைமண்டி, முட்டியை இரு பக்கமும் விரித்து மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை. இடுப்பு விரிந்திருக்கிறது, அதே நேரம் தொடை மொத்த உடம்பையும் சுமக்கிறது. பரதம் பழகும் சிறுமி அரைமண்டியில் நிற்கையில் தொடை நடுங்குமே, அந்த நடுக்கம் உங்கள் பயிற்சியில் ஒரு நாளாவது வந்ததா?

இனி மகன் விஷயம். பாய் மேல் செய்யும் ஆசனங்களில் தள்ளுவது நிறைய, இழுப்பது அநேகமாக இல்லை. தரையைத் தள்ளலாம், இழுக்க முடியுமா? எங்கள் அப்பாயிக்கு அது கிணற்றடியில் கிடைத்தது. ராட்டினம் கிறீச்சிட, கையை மாற்றி மாற்றிக் கயிற்றை இழுப்பாள். ரவிக்கையில்லாத முதுகில் இரண்டு பக்கமும் சதை ஏறி இறங்குவது தெரியும். வீட்டில் போர் போட்டு மோட்டார் வைத்த பிறகு அந்த வேலையைச் செய்ய எதுவுமில்லை. நீங்கள் வலுவான கம்பி ஒன்றைப் பிடித்துப் பத்து விநாடி தொங்குவதில் தொடங்கலாம். ஜிம்மில் இழுக்கிற கருவி இருக்கிறது, அதற்காகப் போனாலும் தப்பில்லை.

"நடவு நட்டவங்களுக்கு யோகா எதுக்கு?" என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. எங்கள் தெருவில் நடவுக்குப் போனவர்களில் ராத்திரி இடுப்புக்குத் தைலம் தேய்க்காதவர் குறைவு. நாள் முழுக்க ஒரே பக்கம் குனிந்த முதுகு அது. குப்புறப் படுத்து முதுகைப் பின்னால் வளைக்கிற சலபாசனமும் புஜங்காசனமும் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்தான். நாற்காலியில் கூன்போடும் உங்களுக்கும் அவை ஆகும்.

சிப்பத்துக்கு ஒத்திகையாக வாளியை எடுங்கள். அரை வாளித் தண்ணீர், முதுகு வளையாமல் இடுப்பில் மடங்கி, உடம்போடு ஒட்டினாற்போலத் தூக்குங்கள். பிடிப்பு முழுசாக விட்ட பிறகுதான். கால் மரத்துப்போனாலோ வலி காலுக்கு இறங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் முழு வாளிக்கு வந்துவிடுவீர்கள், அப்புறம் சிப்பம்.

அதுவரை மகனையே இறக்கச் சொல்லுங்கள்.